வரதனின் பொருளடக்கம்

போன செவ்வாய்க்கிழமை என் ஆய்வேடு இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது.

எழுத்தில் குறை இல்லை. பல்கலைக்கழக அலுவலக ஜன்னலில் இருந்த ஊழியர் அம்மா எழுத்தைப் படிக்கவே இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்தார். நான்காம் இயல் 112ஆம் பக்கம் என்றிருந்தது. புரட்டினார். அது 115இல் இருந்தது. என் லேப்டாப்பில் 112தான்... பிரின்ட் கடைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் மூன்று பக்கம் நடந்து போயிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகக் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு முன்னால் வரதன் கொடுத்துவிட்டுப் போன ஆய்வேட்டை எடுத்துக் காட்டி, இதுபோல் கொண்டு வாருங்கள் என்றார்.

வரதன் என்னோடு ஒரே துறையில் ஆய்வு செய்பவன். சின்ன காஞ்சிபுரத்துக்காரன். அவன் அப்பா ரிட்டயர்டு பேராசிரியர். வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகம். அதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதில்லை — சத்தியமாக. என் பொறாமை அவனுடைய பொருளடக்கத்தின் மேல்தான். தலைப்பு இடப்பக்கம், எண் வலப்பக்கம், நடுவில் ஒரே சீராகப் புள்ளிகள். ஒரு கிளிக்கில் வருமாம். மூன்று வருடமாக அந்தக் கிளிக் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே?

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன். அப்பா தறியிலிருந்து இறங்கினார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடையிலிருந்து புடவை அப்படித்தான் வரும்.

"எங்கடா பழுது?" என்றார்.

பக்கம் நகர்ந்துவிடுகிறது என்றேன்.

"எண்ணிப் போட்டா எப்பிட்றா நகரும்? எண்ணுனியா இல்லியா?"

எண்ணினேனே! அதுதானே வயிற்றெரிச்சல். தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பாரை இருபத்திரண்டு முறை தட்டுவேன். பொருளடக்கத்தில் வரிக்கு வரி புள்ளியை எண்ணித்தான் வைத்தேன். அடுத்த இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா? அந்தப் பக்கம் வரும்வரை என்டர். எந்த இயலுக்கு எத்தனை என்டர் என்று நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எது சரியாக அமைய வேண்டுமென்றாலும், தறியில் இழையை எண்ணுவதுபோல், எண்ணுவோம். வேறு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புதன்கிழமை ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன். ஒரே ஒரு வாக்கியம். திருமுக்கூடல் கல்வெட்டின் போட்டோ மூன்றாம் இயலிலிருந்து கிளம்பி நூற்பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பிடித்து இழுத்தேன். அடிக்குறிப்புகள் காணாமல் போயின. இந்த சாஃப்ட்வேரை எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் ஆய்வேடு எழுதியவர் இல்லை.

வியாழக்கிழமை காலை, கௌரவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரதன் வீட்டுக்கு டவுன் பஸ் ஏறினேன்.

வரதன் என் ஃபைலைத் திறந்து ஏதோ ஒரு பட்டனைத் தட்டினான். நான் தட்டிய ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு குட்டிப் புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு என்டரும் ஒரு குறியாக வரிசையில் நின்றது. மூன்று வருட உழைப்பு... அம்மணமாக.

"என்னடா இது, பொடவைல போடற மாதிரி பக்கம் பூரா புட்டா போட்டு வெச்சிருக்க?"

அவன் மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போனான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் எண்ணிக்கினா இருந்த? எனக்கு இந்தப் பொறுமை சத்தியமா வராதுடா."

இது தலைப்பு, இது புதுப் பக்கம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் போதுமாம். அது தானே பார்த்துக்கொள்ளுமாம். மதியம் வரை பக்கத்தில் உட்கார்ந்து என் புள்ளிகளையெல்லாம் அழித்தான். போட்டோ மட்டும் அவனிடமும் இரண்டு தரம் ஓடியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! கடைசியில் ஒரு கிளிக். என் பொருளடக்கம், வரதனுடையதைப் போலவே.

பொறாமைப்படுகிறவனுக்கு உதவி செய்வதைப் போல அநியாயம் உண்டா? இனி அவனை நிம்மதியாக வெறுக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை காலை, பிரின்ட் கடையில் ஃபைலைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். நன்றியுரையில் எல்லார் பெயரும் இருந்தது, பிரின்ட் கடை அண்ணன் உட்பட. வரதன் இல்லை. சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு வரி கூடினால் என்ன ஆகும் என்று என் விரல்களுக்குத் தெரியுமே... பயந்துகொண்டேதான் தட்டினேன். நான்காம் இயலைப் போய்ப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றது.

ஜன்னல் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு சீல் வைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா, இந்தவாட்டி ஒழுங்கா எண்ணியிருக்க."

ஆமாம்பா என்றேன்.

நான் எழுதியவற்றிலேயே நகராமல் நின்ற முதல் வரி, வரதனுக்கு நன்றி சொன்ன வரிதான். அதைக்கூட அவன்தான் நிற்க வைத்திருக்கிறான்!