இளவரசிக்குப் பக்கத்தில் ஆந்தை

ஜொகூர் பாருவில் சாந்தினியைக் கட்டிப்பிடித்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. அவள் முகத்தைப் பார்த்த குழந்தைதான் ஒன்றும் இல்லை. வார நாள்களில் தெப்ராவ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சனி ஞாயிறு வந்தால் பேரங்காடிகளில் பொம்மை வேஷம். முயலாக நின்றிருக்கிறாள், கரடியாக ஆடியிருக்கிறாள், ஒருமுறை முள்ளு முள்ளான டுரியான் பழமாகக்கூட இருந்திருக்கிறாள். உள்ளே உடம்பு வெந்துபோகும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்க வழியிருக்காது. சின்னப் பிள்ளைகள் கொஞ்சுவார்கள், கொஞ்சம் வளர்ந்ததுகள் பின்னாலிருந்து உதைக்கும். அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பொம்மையின் முகம் எப்போதும் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது.

அந்தப் படம் வராமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு இப்படியே காலத்தை ஓட்டியிருப்பாள்.

அது அவள் சின்ன வயதில் வீடியோ டேப் தேயத் தேயப் பார்த்த பாட்டுப் படம், கார்ட்டூன். கடிகாரக் கோபுரத்தில் அடைபட்ட இளவரசி பாட ஆரம்பித்தால் ஊரே நின்று கேட்கும். அவளுக்குத் துணை ஒரு குண்டு ஆந்தை. அதையே இப்போது நிஜ ஆட்களை வைத்து மறுபடி எடுத்திருந்தார்கள். இளவரசியாக நடித்தவள் கறுப்பு. மாநிறம் என்று பூசி மெழுகுகிற கறுப்பு இல்லை, சாந்தினியின் கறுப்பு. ஃபேஸ்புக்கில் ஊர்ப்பட்ட பேர் வயிறெரிந்தார்கள். 'நம்ம இளவரசியைக் கெடுத்துட்டாங்க' என்று புலம்பியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள், அதுவும் அந்த நடிகையைவிட ஒரு பிடி கூடுதல் கறுப்பில்.

சாந்தினியின் மகள் யஷ்மிதா போஸ்டரைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "அம்மா, அப்படியே உங்கள மாதிரி இருக்காங்க!"

அது போதுமாயிருந்தது. மறுநாளே வேஷக்காரர்களை அனுப்பும் கமலநாதனிடம் போய் நின்றாள் சாந்தினி.

"அண்ணே, இந்தப் படத்துக்கு மால்ல ஷோ வருதுல்ல? இளவரசி நான் போடுறேன். பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்."

"போடு லா. படத்திலயே உன்ன மாதிரிதானே போட்டிருக்கானுங்க" என்றார் அவர்.

பாத்திரம் கழுவும்போதும் பாடினாள், தொழிற்சாலை பஸ்ஸிலும் முணுமுணுத்தாள். இளவரசியின் நீல கவுனுக்கு அளவு கொடுத்தாள். யஷ்மிதா பள்ளிக்கூடம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். அவளுடைய தோழிகள் யாரும் சாந்தினியைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வேன் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடும், ஷிஃப்டில் இருப்பவள் வாசலில் போய் நிற்பது ஏது? ஆகவே எல்லோரும் ஷோ அன்றைக்குத்தான் பார்ப்பதாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் உடை மாற்றும் அறைக்குள் போனால், நீல கவுனுக்குள் இன்னொரு பெண். கோலாலம்பூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நல்ல சிவப்பு. கமலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மால்காரங்க கடைசி நேரத்துல மாத்திட்டாங்க. பழைய கார்ட்டூன்ல இருந்த மாதிரி வேணுமாம். அப்பதான் பிள்ளைங்களுக்கு அடையாளம் தெரியுமாம்."

"வெளியே அவ்ளோ பெரிய போஸ்டர் தொங்குதே, அதுல யாரு அண்ணே இருக்கா? கண்ணு தெரியலையா அவங்களுக்கு?"

"எனக்கு மட்டும் புரியாதா? ஆந்தைக்கு ஆள் இல்ல. இன்னைக்கு மட்டும் போட்டுக் குடு. அடுத்த தடவை பாக்கலாம்."

அடுத்த தடவையாம்! அந்த ஆந்தைத் தலையைத் தூக்கி அவர் மண்டையில் போடலாமா என்று வந்தது அவளுக்கு. மகளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லக் கணவன் லெட்சுமணனுக்கு அவசரமாகப் போன் போட்டாள்.

"வாசல்லயே இறக்கி விட்டுட்டேனே" என்றான் அவன். "சிங்கப்பூர் காருங்க அடைஞ்சு கெடக்கு, பார்க்கிங்கே இல்ல. அவ ஸ்கூல் கூட்டாளியோட அம்மா கூட உள்ள போயிட்டா."

உதறிவிட்டுப் போய்விடலாம்தான். போனால் அடுத்த சனிக்கிழமை கரடிகூடக் கிடைக்காது. ஷோ முடிந்ததும் மகளுக்கு விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆந்தையை மாட்டினாள்.

பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. சிவப்பு இளவரசி வாயை மட்டும் அசைத்தாள், அதுவும் பாதி இடத்தில் தப்பாக. ஆந்தையின் மூக்குத் துவாரம் வழியாகச் சாந்தினி கீழே தேடினாள். முன்வரிசையில் யஷ்மிதா. பக்கத்தில் ஒரு தோழியும் அவளுடைய அம்மா செல்வராணியும். யஷ்மிதாவின் கண் இளவரசியைப் பார்த்தது, மேடைக்குப் பின்னால் தொங்கிய திரைப்பக்கம் போனது, மறுபடி இளவரசிக்கே வந்தது. அந்த முகம் சுருங்கியதைப் பார்க்கச் சாந்தினிக்குப் பொறுக்கவில்லை.

பாட்டு முடிந்து படம் எடுக்க வரிசை நின்றது. மூவரும் மேடையேறி, ஆந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றார்கள்.

"எங்க உங்கம்மா? நீ பொய்தானே சொன்ன?" என்றாள் தோழி.

சாந்தினியின் கை தாடைக்கடியில் இருந்த ஒட்டுப்பட்டைக்குப் போனது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றினால் வேலை போய்விடும். போகட்டும். நான்தான் இவளுடைய அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பட்டை பாதி பிரிந்தது.

"இவங்கதான் எங்கம்மா." முன்னால் நின்ற பிள்ளைகளோடு படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த இளவரசியை யஷ்மிதா கைகாட்டினாள்.

செல்வராணி அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "இவங்களா?"

"மேக்கப் போட்டிருக்காங்க ஆண்ட்டி. அதான் வெள்ளையா தெரியறாங்க."

"அழகா இருக்காங்களே!" என்றாள் செல்வராணி.

சாந்தினியின் கை அப்படியே நின்றது. இப்போது தலையைக் கழற்றினால் மகள் எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆகிவிடுவாள். பிரிந்த பட்டையை மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

"ஆந்தை, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார் படமெடுப்பவர்.

கிட்டப் போய் மகளின் தோளில் இறக்கையைப் போட்டாள். யஷ்மிதா இறக்கையை விலக்கிவிட்டு, இளவரசியை ஒட்டிப் போய் நின்றாள்.