நரம்புக்குள் ஓடும் மினிபஸ்

எங்கள் ஆஸ்பத்திரி அறையில் நடக்கும் வேலை, ஆட்களுக்கு மெல்லக் கறண்ட் அடித்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. சொல்லிவிட்டேனே தவிர, பிழையாகச் சொன்னேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கருவியைப் பிடிப்பது எங்கள் பரிசோதகர் மிஸ். கட்டில் விரிப்பதும் ஆட்களைப் படுக்கவைப்பதும் வாசலில் நிற்பதும் நான். ஆனால் சனம் கேள்வி கேட்பது வாசலில் நிற்பவளிடம்தானே? எங்காவது ஒரு வாசலில் நின்று, தெரியாததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

சொல்வழி கேட்ட கால்

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தோட்டக்கார ஐயா வந்தார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; பாதம் மரத்து விறைப்பு. "கொஞ்சம் கறண்ட் அடிக்கும் ஐயா, பயப்படாதேங்கோ" என்றேன். "வெங்காயத்துக்கு இறைக்கேக்கை மோட்டர் அடிச்சு வாய்க்காலுக்கை விழுந்து எழும்பினவன் நான். நீ பயப்பிடாதை பிள்ளை" என்றார்.

மிஸ் முழங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்து அழுத்தினார். பாதம் துள்ளியது. திரும்ப அழுத்த, திரும்பவும் துள்ளியது. ஐயா தலையைத் தூக்கி, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தார். "வீட்டிலைதான் நான் சொல்லி ஒருத்தரும் கேக்கிறேல்லை. இப்ப என்ரை காலும் உங்கடை பக்கமோ?"

உறை போன வயர்

சுகந்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான் அவள் கணவன் ரூபன். அவள் மருதனார்மடத்தில் சட்டை தைப்பவள். அவன் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் கால் சோர்ந்து, பின்னர் கையும் சோர்ந்துவிட்டது. தவழத் தொடங்கிய பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

பரிசோதனை முடிந்ததும் டொக்டர் விளக்கினார். நரம்பைச் சுற்றி மையலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கிறதாம். சுகந்தியின் உடம்பே அதை எதிரி என்று நினைத்து அரித்துவிட்டதாம். அதனால்தான் மூளையின் செய்தி பிந்திப் போகிறது, சில இடங்களில் போகாமலே நின்றுவிடுகிறது. வெளியே வந்த ரூபனின் முகம் செத்துப்போயிருந்தது. "தம்பி, என்ன யோசிக்கிறியள்?" என்றேன். சுகந்திக்குக் கேட்காமல் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான். "அக்கா, உறை உருகின வயரை நாங்கள் திருத்திறேல்லை. இழுத்தெறிஞ்சுபோட்டுப் புதுசு போடுறனாங்கள். இவவுக்கு நான் எங்கை போய் வயர் வாங்க?"

மினிபஸ்

நான் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் இருவரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார். நரம்பு வயர் அல்ல, என்றார். உறை துண்டு துண்டாக, நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகளோடு இருக்கிறது. செய்தி ஒவ்வோர் இடைவெளியிலும் புதுத் தென்பு பெற்று அடுத்ததற்குப் பாய்கிறது. உறை போனால் பாய முடியாது. ஊர வேண்டும், அல்லது வழியில் ஓய்ந்துவிடும். உள்ளே நரம்பு பழுதாகாமல் இருந்தால் உறை திரும்ப வளரும். காலம் எடுக்கும், எல்லாருக்கும் ஒரே அளவுக்கு வராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான் சும்மா நின்றிருக்கலாம். "காங்கேசன்துறை றோட்டிலை சுன்னாகம், தெல்லிப்பழை எண்டு மட்டும் நிக்கிற பஸ் மாதிரியோ, மிஸ்? உறை போனால் ஒவ்வொரு சந்து ஒழுங்கைக்கும் நிக்கிற மினிபஸ்ஸோ?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன். "கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்று மிஸ் சிரித்தார். சுகந்தி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். "அப்ப எனக்குள்ளை ஓடுறது மினிபஸ். அதுவும் டிறைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான்."

கழுவிய கை

சில மாதங்கள் கழித்து, மார்கழி மழையில் திரும்ப வந்தார்கள். சுகந்தி ரூபனின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கருவி வேறு சொன்னது. கை நரம்பில் வேகம் முந்தியதைவிடக் குறைவு. "திரும்பவும் உறை போகுதோ, மிஸ்?" என்று ரூபன் கட்டில் விளிம்பைப் பிடித்தான். மினிபஸ் கதை சொல்லி வீணாக நம்பவைத்துவிட்டேனோ என்று, ரூபனின் முகத்தைப் பார்க்காமல் கட்டில் விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

மிஸ் சுகந்தியின் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸ் மாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீங்கள்?" விசாரித்தால், வரும் வழியில் ஆஞ்சநேயர் கோயிலில் கை கால் கழுவிக் கும்பிட்டிருக்கிறாள். மழையில் நனைந்தபடி ஓட்டோவில் வந்து, நல்ல முடிவு கேட்கப் போகிறோமே என்று எங்கள் குழாயடியிலும் இன்னொரு தரம் கழுவியிருக்கிறாள். உறை நன்றாக இருந்தாலும், கை குளிர்ந்தால் செய்தி மெதுவாகத்தான் போகுமாம்.

சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி, சூடு அதிகமோ என்று என் கையிலேயே பலமுறை வைத்துப் பார்த்து, பிறகு அவள் கையை அதன்மேல் வைத்துப் போர்த்தினேன். கை சூடேறியதும் மிஸ் திரும்ப அளந்து பார்த்தார். வேகம் முதல் தடவையைவிட நன்றாகக் கூடியிருந்தது. ரூபன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுகந்தி மட்டும் அசையவில்லை. "போன கிழமையே நான் பிள்ளையைத் தூக்கிட்டன், அக்கா. உங்கடை மிசின் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கு."

அன்றே வாசலில் "கை கால் கழுவாமல் உள்ளே வரவும்" என்று எழுதி ஒட்டிவிட்டேன்; இப்போது யார் என்ன கேட்டாலும் சுடுதண்ணீர்ப் பையைக் கையில் கொடுத்து, மிச்சத்தை மிஸ்ஸிடம் கேளுங்கோ என்பதோடு என் வைத்தியம் முடிந்துவிடுகிறது.