எருக்கும் பிடிக்காத கை

கல்யாணமான புதிதில் சித்தி நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. செடி வைக்க இடம் கேட்டாள். மலையடிவாரத்து ஊர்க்காரி. எங்கள் வீட்டில் பிடி மண் கிடையாது, எல்லாம் சிமெண்ட். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த சித்தப்பா, அங்கே காலியான நீல நிறக் கெமிக்கல் டிரம்களை ஆசையாகக் கொண்டுவந்து, குறுக்கே அறுத்துத் தொட்டியாக்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் அது அதிசயமில்லை. பாதி வீடுகளில் துணி ஊறுவதே அந்த டிரம்மில்தான்.

"நல்லா கழுவிட்டேன், நாத்தம் போய்டும்" என்றார்.

நம் பக்கத்துச் செடிதான் இந்த வெயிலைத் தாங்கும் என்பது சித்தியின் கட்சி. பிறந்த வீட்டிலிருந்து நொச்சியும் ஆவாரையும் சங்குப்பூக் கொடியும் மண்ணோடு கொண்டுவந்து நட்டாள். அரிசி கழுவிய தண்ணீரை நானும் அவளுமாக ஊற்றினோம். சங்குப்பூ முதலில் கருகியது, பிறகு நொச்சி. ஆவாரை ஒரே ஒரு பூவைக் காட்டிவிட்டுப் பட்டுப்போனது. கடைசியில் வீம்புக்குக் குப்பைமேட்டு எருக்கைப் பிடுங்கி வந்து நட்டாள். அதுவும் காய்ந்தது.

சித்தப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து பார்த்தாள். "எருக்கு கூட வர்லன்னா இன்னா கை இது?"

அவ்வளவுதான் சொன்னாள். சொந்தக்காரர் வீடெல்லாம் அது போய்விட்டது. அதன்பிறகு சித்தியை ஊறுகாய் ஜாடியைத் தொட விடவில்லை. வளைகாப்புக்கு வளையல் போடக் கூப்பிடவில்லை. அந்த ஆடியில் அவளுக்குக் கரு கலைந்தபோது, "செடியே நிக்கல, வயித்துல எப்டி நிக்கும்" என்று அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னாள், படுபாவி. என் அம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனாள். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி காய்ந்த வேர்களைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தாள்.

"என் கைல இன்னா இருக்குது, நீயே பாத்து சொல்லு."

"மண்ணுதான் இருக்குது சித்தி" என்றேன்.

அவள் அழுத அழுகை எனக்குப் பயமாக இருந்தது. மறுவாரம் அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப்போனார். யாரும் போய் அழைக்கவில்லை. அவளும் திரும்பி வரவில்லை. டிரம்களைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போனார்.

அடுத்த வருடம் புதுச் சித்தி வந்தாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான். அவள் வீட்டில் மண்தொட்டிகளில் நொச்சியும் ஆவாரையும் வைத்து வண்டியில் அனுப்பினார்கள். அவளோடும் நான் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். ஆவாரை கொத்துக் கொத்தாகப் பூத்தது. நொச்சி சுவரைத் தாண்டியது. அத்தை அவளை உட்காரவைத்துத் திருஷ்டி சுற்றினாள்.

அதே செடி, அதே தண்ணீர். டிரம் மட்டும் இல்லை. கைராசி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அந்த வயதில் நானும் நினைத்துக்கொண்டேன்.