மழைக்கால வளைவு

பெரனெல் பேராலய வேலைக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வந்த அன்றே சாந்துக் குழியில் இறக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்தும் அங்கேதான் இருந்தாள். அதற்குள் ஊரில் இரண்டு ஆயர்கள் செத்துப் போயிருந்தார்கள். கிழக்குச் சுவர்கள் மேலே போய்விட்டன. அவற்றின் மேல் மரக்கூரையும் ஏறிவிட்டது. கூரைக்கு அடியில் கல் வளைவுகள் மட்டும்தான் பாக்கி.

சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. தண்ணீரை அவள் அளந்து ஊற்றியதில்லை. மண்வெட்டி இழுபடும் விதத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்து உடைந்த ஓட்டுத்துண்டில் அப்பி, வளைவுக்குப் பக்கத்திலேயே சன்னல் மாடத்தில் வைத்துவிடுவாள். அவ்வப்போது அதில் ஒன்றை உடைத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

அந்த வருடம் ஜூன் கடைசியில், அருளப்பர் திருநாளன்று ஆறாவது வளைவை மூடினார்கள். பெரிய மேஸ்திரி வந்திருந்தார். சுண்ணம் பூசிய தரையில் கவராயத்தால் அடுத்த வளைவைக் கீறிக் காட்டினார். “மாதா பிறந்தநாளன்னிக்கு இதுக்கு முட்டுக் குடுத்திருக்கற மரத்தை எடுத்து அடுத்ததுக்கு மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுக் குதிரையேறி வேறு ஊர்ப் பேராலயத்துக்குப் போய்விட்டார். கல்லைத் தாங்கிப் பிடிக்கும் மரவளைவு, அதாவது முட்டு, ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அதை இங்கே அவிழ்த்தால்தான் அங்கே கட்ட முடியும். உறைபனி விழுவதற்குள் ஏழாவதையும் மூடியாக வேண்டும்.

அவர் போன மறுநாள் மழை பிடித்தது. பத்து வாரம் விடவில்லை. சன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. சாரல் நேராக உள்ளே அடித்தது. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது.

மாதா பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது பெரனெல் ஓர் ஓட்டுத்துண்டை உடைத்தாள். மேலே பாறை மாதிரி இருந்தது. உள்ளே விரல் இறங்கியது, புதுப் பாலாடைக்கட்டிக்குள் இறங்குவதுபோல. அதை மடியில் வைத்துக்கொண்டு துரானைத் தேடிப் போனாள். பெரிய மேஸ்திரி இல்லாதபோது வேலையைப் பார்த்துக்கொள்வது துரான்தான்.

“மேஸ்திரி, ஆறாவது வளைவு இன்னும் காயலை.”

துரான் ஓட்டுத்துண்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “நேத்துதான் நானே ஏறி ஆணியால கீறிப் பாத்தேன். ஆணி மழுங்கிப் போச்சு.”

“அது மேல்பக்கம் மேஸ்திரி. உள்ள…”

“உள்ள காயலைன்னா கலக்குனது யாரு? நீதானே?”

சுற்றி நின்ற கொத்தர்கள் சிரித்தார்கள். “சாந்துக்காரி மேஸ்திரி ஆயிட்டா, நாமெல்லாம் வீட்ல போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டியதுதான்” என்றான் ஒருவன்.

“ஒரு மாசம் தள்ளிப் போட்டா…”

“அவர் நாள் சொல்லிட்டுப் போயிருக்கார். மாத்தறதுக்கு நான் யாரு?” என்றான் துரான். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. அவனும் மழையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

முட்டின் காலடியில் இருக்கும் ஆப்புகளைத் தட்டி எடுக்கும் வேலை எவ்ராருடையது. எவ்ரார் தச்சன், பெரனெலின் புருஷன். மதியம் பட்டாணிக் கூழும் கம்புரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யோவ், வயித்து வலின்னு சொல்லிப் படுத்துக்கயேன்.”

“வருஷத்துல ஒரு நாள்தான் இத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு என்னையே பாக்கறாங்க. அன்னிக்குப் போய்ப் படுக்கச் சொல்றியே.”

“விளையாடாதே. உள்ள ஈரமா இருக்கு.”

அவன் ரொட்டியைக் கூழில் தொட்டு நிதானமாக மென்றான். “தெரியும் புள்ள. தட்டிப் பாத்தேன். கல் பேசற சத்தமே சரியில்லை.”

“அப்பறம் எதுக்கு ஏறணும்?”

“நான் ஏறலைன்னா அடுத்த தச்சன் கோபேர்தான் ஏறணும். அவனுக்கு நாலு குழந்தைங்க. காதும் மந்தம்.”

அவள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள். அன்று மாலை வரை ஏழாவது வளைவின் அடிக்கற்களுக்குச் சாந்து கலக்கினாள்.

முட்டு எடுக்கும் நாளில் வேலைக்களத்தில் யாரும் பேசக் கூடாது. கொல்லுப் பட்டறை ஓய்ந்துவிடும். மணி அடிக்க மாட்டார்கள். சந்தைத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தச்சன் ஒவ்வோர் ஆப்பாகச் சுற்றிவந்து விரலளவு விரலளவாகத் தளர்த்துவான். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு, மேலே கல் உட்காரும் சத்தத்தைக் கேட்பான். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அடுத்த தட்டு. அதனால் கீழே இருமல் வந்தால்கூட வாயைத் துணியால் பொத்திக்கொள்வார்கள்.

பெரனெல் மற்றச் சித்தாள்களோடு பக்கவாசலில் நின்றாள். எவ்ரார் முதல் சுற்றை முடித்தான். இரண்டாவது சுற்றின் நடுவில் தரையில் ஏதோ பொட்டென்று விழுந்தது. அவள் நாலடி உள்ளே போய் அதை எடுத்தாள். சாந்து. விரல்களுக்குள் உருட்டினாள். உதிராமல் உருண்டது.

நிமிர்ந்தாள். எவ்ராரும் குனிந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினால் அவன் காதில் வாங்கும் கல் சத்தம் கெட்டுவிடும். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் சுத்தியலைப் பிடித்தபடி துரானைப் பார்த்தான். துரானின் கை உயர்ந்தே இருந்தது; அது இறங்கினால்தான் தட்ட வேண்டும். துரான், பார்க்க வந்திருந்த பேராலயக் குருமார் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பினான். அவர்கள் அண்ணாந்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இறங்கியது.

எவ்ரார் தட்டினான்.

முழு வளைவும் விழவில்லை. ஒரு பக்கத்தில் ஏழு கற்கள் கழன்றன, அவ்வளவுதான். அவன் நின்ற பலகை அவற்றில் ஒன்றின் வழியில் இருந்தது. அப்புறமும் வாயில் பொத்திய துணியை யாரும் எடுக்கவில்லை. பேசலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரிய மேஸ்திரி நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு வந்தார். ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். விழுந்த கல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். “சாந்து சரியில்லை” என்றார். எல்லோரும் பெரனெலைப் பார்த்தார்கள். அவள் மழையைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அவள் அளவுக்குக் கலக்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

குளிரில், கூரை ஏறாத சுவர்களின் தலையை வைக்கோலாலும் சாணியாலும் மூடி வைத்தார்கள். பனி இளகியதும் ஏழு கற்களைத் திரும்ப வைத்தார்கள். “இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா கலக்கு” என்றான் துரான். அவள் ஒழுங்காகக் கலக்கினாள். போன தடவையும் அப்படித்தான் கலக்கினாள். நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தது: மாதா பிறந்தநாள்.

செத்துப்போன எவ்ராரின் இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒஜியே என்ற தச்சன் வந்திருந்தான். ஐம்பது வயதிருக்கும், முன்பல் இல்லை. முட்டு எடுப்பதற்கு முந்திய மதியம் சாந்துக் குழிக்கு வந்து நின்றான்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் கதை கேள்விப்பட்டேன். மேல இருக்கற சாந்து காஞ்சிடுச்சா?”

இருபத்து மூன்று வருடத்தில் அவளிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவன். பெரனெல் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். காலையில்தான் ஓட்டுத்துண்டை உடைத்துப் பார்த்திருந்தாள்.

“இல்லைங்க. உள்ள இன்னும் ஈரம் இருக்கு. துரான்கிட்ட சொல்லட்டுமா?”

“சொன்னா கேப்பாரா?”

“மாட்டார்.”

“அப்ப விடுங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் கேட்டேன்.”

மறுநாள் களம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஒஜியே ஏறி, மூன்று சுற்று சுற்றி, கடைசி ஆப்பையும் எடுத்துவிட்டு இறங்கினான். வளைவு நின்றது. துரான் குழியைக் கடக்கும்போது, “ஈரம்னு சொன்னியாமே?” என்றான்.

ஏன் அன்றைக்கு விழுந்தது, ஏன் இன்றைக்கு நின்றது என்று பெரனெலுக்குத் தெரியவில்லை. கையை முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது. ஏழாவது வளைவுக்கு மணல் வந்து இறங்கியிருந்தது. சலிக்க ஆரம்பித்தாள்.