துரை மேசையில் அப்பா

சென்ற வருடம் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வாங்கிய கையோடு கையில் இருந்ததெல்லாம் காலி. ஆசிரியச் சம்பளத்தில் புதுத் தளபாடம் எங்கே வாங்குவது? சனிக்கிழமைதோறும் நானும் கணவரும் பழைய சாமான் தேடி அலைந்தோம். ஹட்டனில் ஒரு கட்டில் கிடைத்தது. வலப்பனையில், கண்ணாடி கீறிய அலுமாரி ஒன்று.

அப்போதுதான் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், நிர்வாகியான துரையின் பங்களாவை ஹோட்டலாக்கப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என் அப்பா அங்கே முப்பது வருடம் கோக்கியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். துரை சாப்பிட்ட பெரிய தேக்கு மேசையும் ஆறு கதிரைகளும், கதிரை ஒன்றின் கால் ஆடுகிறது என்பதால் மலிவாகவே கிடைத்தன. அந்த மேசையின் தலைப்பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்து அழகு பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை. இரண்டு வாரம் உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்து, விரலெல்லாம் கொப்புளம்.

ஞாயிறு மதியம் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்பா வந்தார். மேசையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். தோள் துண்டால் ஓரத்தைத் துடைத்தார், கதிரைகளை நேராக்கினார். பிறகு குசினி வாசலில் போய்க் கைகட்டி நின்றுவிட்டார்.

"உக்காருங்கப்பா."

"நீங்க சாப்பிடுங்க தாயி. நா அப்புறமா சாப்புடுறேன்."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருடம் அவரை நிற்க வைத்த மேசையை நானே காசு கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறேனே!

என் கணவர் எழுந்தார். ஒரு துவாயை எடுத்து வலது கையில் போட்டுக்கொண்டார். தலைப்பக்கக் கதிரையைப் பின்னால் இழுத்து, குனிந்து, "சாப்பாடு ரெடிங்க தொரை!" என்றார்.

அப்பா முறைத்தார்.

"தொவாய எடது கையில போடணும் மாப்ள! இதுகூடத் தெரியாம வேலைக்கு வந்துட்டீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வருமளவுக்கு! சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சொதி ஆறிப்போச்சே, யாரு இங்க கோக்கி?" என்று அதட்டினார். நான் அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சுட வைத்தேன்.

மரம் தேக்கா, கரையான் உண்டா, விலை கட்டுமா என்றெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். அதன் பக்கத்தில் யார் நின்றிருந்தார் என்பதைத்தான் மறந்துபோனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு தாமதமானால் அப்பா மேசையைத் தட்டுகிறார். அந்த அதிகாரத்தைக் கேட்பதற்காகவே சில நாள் நான் வேண்டுமென்றே தாமதிக்கிறேன்.