ரோசி மடிச்ச வாஷர்

எனக்கு இந்தப் பேய், பிசாசு கதையெல்லாம் ஆவாது மாமு. ராயபுரத்துல கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாடி பொறந்து வளந்தவன் நானு, கல்லற மேல ஒக்காந்து சீட்டு ஆடிகீறேன், ஒன்னும் வந்து எட்டிப் பார்த்ததில்ல. இப்ப சொல்றத நீ நம்பு, நம்பாட்டி போ. ராத்திரிகூட இல்ல, நல்ல பட்டப்பகலு, எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி ஹாரன் அடிச்சிகினு நிக்கிது, அப்ப நடந்தது இது.

என் பொண்டாட்டி ரோசிய நீ பார்த்ததில்ல. நம்ம லாரி ரிப்பேர் பட்டறைல பாதி வேல அவளுது. நான் கழட்டிப் போடுவேன், அவ மண்ணெண்ணைல கழுவி, ஒன்னொன்னா வெளிச்சத்துல புடிச்சிப் பார்த்து, இது ஓடும், இது வேணாம்னு பிரிச்சி வெப்பா. டீசல்ல கழுவ வுட மாட்டா, டீசல்ல கழுவுனா விரிசல் தெரியாதாம். மண்ணெண்ணைய எங்கிருந்துதான் புடிச்சிகினு வருவாளோ. அந்தக் கையோடயே வந்து சோறு போடுவா, சோத்துல மண்ணெண்ண நாத்தம் அடிக்கிதுன்னு நான் கத்துவேன், அவ சிரிப்பா.

அவளாண்ட இன்னொரு பழக்கம். லாரி பின் சக்கரத்த புடிச்சிகினு கீற பெரிய நட்டு கீது பாரு, அது ஓட்டத்துல கழலாம இருக்க அடில ஒரு வட்டத் தகடு போடுவோம், லாக் வாஷர்னு. அதுல காது மாதிரி நீட்டிகினு இருக்கும், அத்த நட்டு மேல மடிச்சி வுட்டா நட்டு அசையாது. ஒரு தபா மடிச்ச காத நிமித்தி மறுபடி மடிச்சா ஒடஞ்சி பூடும். ஆனா எல்லாரும் பழசையே நிமித்தி மாட்டி அனுப்பிச்சிருவானுங்க, அவசரம்னா நானும் அதேதான். அதனால ரோசி பழைய வாஷர் வெளிய வந்த ஒடனே இரும்பக் கவ்விப் புடிக்கிற வைஸ்ல குடுத்து, சுத்தியால ரெண்டு அடி, தோசைய மடிக்கிற மாதிரி ரெண்டா மடிச்சி டப்பால போட்டுருவா. "உன்ன எனக்குத் தெரியும்யா, மறுக்கா மாட்டிடுவே"ன்னு சொல்லிகினே மடிப்பா.

போன மழைல ஜொரம்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, நடந்து திரும்பி வரல. அவ்ளோதான். அத்தப் பத்தி என்னக் கேக்காத.

எங்க பையன் ஸ்டீபன் அம்மாவ அடக்கம் பண்ணப்பகூட அழல. கல்லு மாதிரி நின்னான். எங்களுக்கு நடுவுல பேச அவதான் இருந்தா, அவ போனதும் ஒரே வூட்டுல ரெண்டு பேரும் ஊமையா கெடந்தோம். அவன் அத்திப்பட்டு கரண்டு கம்பெனிலேருந்து சாம்பல் லோடு அடிக்கிறான், எங்க பழைய லாரிதான். ஒரு நாளு மத்தியானம் வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு, "பின்னாடி லெஃப்டு வீல்ல ஆயில் ஒழுவுது, சாயங்காலம் லோடு கீது"ன்னான். அன்னிக்கு முழுக்க அவன் எங்கிட்ட பேசுனது அவ்ளோதான்.

கழட்டுனேன். உள்ள ஆயில் சீல் கிழிஞ்சி கெடந்துது. கல்மண்டபம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல சீல் கெடச்சிது, அந்தப் பழைய மாடலுக்கு லாக் வாஷர் மட்டும் இல்ல, ரெண்டு நாளாவும்ட்டாங்க. சரி, பழசையே நிமித்தி மாட்டிறலாம்னு வைஸ் மேல எடுத்து வெச்சேன். வெச்சிட்டு, இந்தாண்ட திரும்பி பேரிங்குக்கு கிரீஸ் அடச்சிகினு இருந்தேன், ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கிரீஸு.

முதுகுக்குப் பின்னாடி டங்கு, டங்குன்னு ரெண்டு அடி.

சட்டுனு திரும்பல மாமு. எனக்கு அந்த அடி தெரியும். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டிச்சி, திரும்பிப் பார்த்தா போயிடுவாளோன்னு பயம். அப்பால திரும்புனேன். யாரும் இல்ல. வைஸ்ல வாஷரு ரெண்டா மடிஞ்சி நின்னுகினு இருந்துது.

ஸ்டீபன் கேபின்லேருந்து குதிச்சி வந்தான். "இன்னாத்துக்கு மடிச்சே? லோடு போச்சே!"ன்னு கத்துனான்.

"நான் மடிக்கலடா. உங்கம்மாடா."

"அம்மா பேரச் சொல்லி டபாய்க்கிறியா நைனா?"

நான் ரெண்டு கையயும் தூக்கிக் காட்டுனேன். கிரீஸ் சொட்டுது. வாஷர்ல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல, பளபளன்னு கழுவி கீது. அவன் அத்த வைஸ்லேருந்து உருவி மோந்து பார்த்தான். மண்ணெண்ண. ரோசி போனதுலேருந்து பட்டறைல ஒரு சொட்டு மண்ணெண்ண கெடையாது, நான் டீசல்லதான் கழுவுறேன். கழுவுன காதுல மயிரு கணக்கா ஒரு விரிசல், அடி வரைக்கும் ஓடிருந்துது. அத்த மாட்டி லோடு ஏத்திருந்தா அவன் சக்கரம் ரோட்ல தனியா ஓடிருக்கும், நான் இன்னொரு சவப்பொட்டிக்கு ஆணி அடிச்சிகினு இருந்திருப்பேன்.

அப்டியே மண்ணுல ஒக்காந்தான். "அம்மா"ன்னு ஒரே ஒரு தபா சொன்னான். அப்பால அழுதான் பாரு, ரோட்ல போற லாரிக்காரன்லாம் நிறுத்திப் பார்த்தானுங்க. லோடு போவல. புது வாஷர் வர்ற வரைக்கும் வண்டி அங்கியேதான் நின்னுது.

அதுக்கப்பால நான் கழட்டுற ஒவ்வொரு பழைய வாஷரயும் வைஸ் மேல வெச்சிட்டு, முதுகக் காட்டிகினு நிக்கிறேன். நேத்துகூட நின்னேன். ஒன்னும் கேக்கல. புள்ளைக்காக வந்தா, எனக்காக வர மாட்றா. நானே மடிச்சி டப்பால போடுறேன்.

எண்ணூர் காத்துல இரும்பு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியும், நான் மடிச்சதெல்லாம் செவப்பா துரு ஏறிப் போச்சி. அன்னிக்கு அவ மடிச்சது மட்டும் இன்னிக்கும் ஈரமா கீது. தொட்டா வெரல்ல மண்ணெண்ண வாசன. எப்டின்னு என்னக் கேக்காத. மனசு தாங்காத அன்னிக்கு அத்தத் தொட்டுட்டு வூட்டுக்குப் போறேன், கை கழுவாமத்தான் சோறு துன்றேன்.