புஸ்பராணி ஒப்புக்கொண்ட வேகம்

புஸ்பராணி கனடாவில் கார் ஓடப் பழகியது முப்பத்தாறு வயதில். புருஷன் சீனித்தம்பி மிசிசாகாவில் வேலைக்குக் கூட்டாளியின் வான் வண்டியில் போய்வருவார். அதனால் வீட்டுக் கார் அவளுக்கே. ஸ்காபரோவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மணப்பொம்பிளையைச் சோடித்து வெளிக்கிடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனியில் ஒரு சனிக்கிழமை, றிச்மண்ட் ஹில்லில் ஒரு பொம்பிளை காத்திருந்தாள். அவசரத்தில் அறுபது போகவேண்டிய றோட்டில் எண்பத்திரண்டில் போனாள் புஸ்பராணி. பொலிஸ் மறித்தது. டிக்கற் எழுத வந்தவர் பின்சீற்றில் நீட்டுக்குக் கிடந்த பொய்ச்சடையைக் கண்டு ஒருகணம் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அதற்குப் பிறகும் டிக்கற் எழுதத்தான் செய்தார்.

"காசைக் கட்டிப்போட்டு விடு புள்ள," என்றார் சீனித்தம்பி. "எனக்கும் லைசென்ஸில ஆறு குற்றப் பொயின்ற் கிடந்தது. என்ன நடந்தது? ஒண்டுமில்ல."

"உங்கட லைசென்ஸ் பழசு. உங்களுக்குப் பதினைஞ்சு வந்தாத்தான் பறிப்பாங்க. நான் புதுச் சட்டம் வந்தாப் பிறகு எடுத்தவள். எனக்கு ஆறு வந்தாலே ரெண்டு மாசம் ஓட ஏலாது."

ஸ்டொப் போர்டில் சரியாக நிற்காததற்கு அவளுக்கு ஏற்கெனவே மூன்று பொயின்ற் இருந்தது. அப்போது புருஷன் சொன்னபடி மறுபேச்சில்லாமல் காசைக் கட்டியிருந்தாள். இந்த டிக்கற்றுக்கும் மூன்று. இதையும் அப்படியே ஒப்புக்கொண்டால் ஆறாகிவிடும். ஆவணியில் நாலு கல்யாணம் பேசியிருந்தாள். மேக்கப் பெட்டியும் நகைப்பெட்டியும் சுமந்துகொண்டு பஸ்ஸில் போவதை நினைக்கவே தலை சுற்றியது. வழக்குக்குப் போவதென்று முடிவெடுத்தாள்.

வழக்கன்று சீனித்தம்பி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். நீதிமன்ற வாசலில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு வேரோனிக்கா என்ற பெட்டை நின்றாள். உள்ளே போகுமுன் அரச தரப்புச் சட்டத்தரணி இவர்களோடு கதைத்தார். அவர் சொன்னதை வேரோனிக்கா விளக்கினாள்.

"அக்கா, பதினைஞ்சு கிலோமீற்றர் கூட ஓடினதெண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டா, தண்டப்பணம் மட்டுந்தானாம். பொயின்ற் இல்லையாம்."

"நல்லதுதானே!" என்றாள் புஸ்பராணி. சீனித்தம்பிக்கு வாயெல்லாம் பல்.

உள்ளே நீதவான் கேட்டார். "பதினைந்து கிலோமீற்றர் அதிகமாக ஓடியதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

வேரோனிக்கா கேள்வியைத் தமிழில் சொன்னதும் புஸ்பராணிக்கு மனசு ஒப்பவில்லை. "இல்லை ஐயா," என்றாள். "இருபத்திரண்டு கூட ஓடினன். இதில நிண்டு பொய் சொல்ல ஏலாது."

சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொல்லவேண்டியது வேரோனிக்காவின் வேலை. சொன்னாள். சட்டத்தரணி கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். பின்வரிசை வாங்கில் சீனித்தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பதினைந்தைத் தாண்டாமலா இருபத்திரண்டுக்குப் போனீர்கள்?"

புஸ்பராணி யோசித்தாள். "இல்லை. தாண்டித்தான் போனன்."

"அப்படியென்றால் பதினைந்து அதிகமாக ஓடியதும் உண்மைதானே?"

"ஓம், அது உண்மைதான்."

"அதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒப்புக்கொள்றன் ஐயா."

பின்வரிசை வாங்குகளில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சட்டத்தரணி பேனையைத் திரும்ப எடுத்தார்.

வெளியே வந்ததும் சீனித்தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "என்ன விளையாட்டு புள்ள இது? எனக்கு உயிரே போயிட்டு."

"கேட்டாங்க, சொன்னன். இனி நிம்மதியாப் படுப்பன்," என்றாள். பக்கத்து டோனற் கடையில் வேரோனிக்காவுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கினாள். சீனித்தம்பிக்குத் தேறிவர இரண்டு டோனற் தேவைப்பட்டது.

அந்த ஆவணியில் நாலு பொம்பிளைகளையும் அவளே வெளிக்கிடுத்தினாள். எங்கே போனாலும் நேரத்தோடு புறப்பட்டாள். மார்க்கம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது பொம்பிளை இன்னும் நித்திரை. தாய் குசினியில் தனியாகப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். புஸ்பராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வடை தட்ட நின்றாள். பொம்பிளை எழும்பி வந்தபோது எண்ணெய்த் தாச்சியில் பாதி வடைக்கு மேல் பொரிந்திருந்தது.